கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. தகனம் செய்த அப்பாவின் அஸ்தியை எங்கே, எப்படி வைப்பது?

பாளையங்கோட்டைப் பக்கம் தங்கள் சபைக் கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது என்றும், வெளியூரில் தகனம் செய்த அப்பாவின் அஸ்தியைக் கொஞ்ச இடத்திலேயே பெயர் தெரியும்படி வைக்க வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அதற்குப் புது இடம் தேடி அலைய வேண்டியதில்லை. முதலில் உங்கள் தாத்தா ஆச்சி கல்லறையைப் போய்ப் பாருங்கள்.

எங்கள் பெரியப்பா மும்பையில் காலமானார், தகனமும் அங்கேதான். அஸ்தியை ஊருக்குக் கொண்டுவந்து, தாத்தா கல்லறையின் கால்மாட்டில், கட்டு மேடைக்கு வெளியே இருந்த ஒட்டு மண்ணில் வைத்தோம். இரண்டடி ஆழக் குழி போதும். பழைய பெட்டி வரைக்கும் தோண்ட வேண்டியதில்லை, மேடையையும் உடைக்க வேண்டியதில்லை. ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், வந்து அடக்க ஆராதனையை முறையாக நடத்தினார். நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். தாத்தாவின் கல்லிலேயே பெரியப்பாவின் பெயரையும் வருடங்களையும் வெட்டிச் சேர்த்தாயிற்று. ‘பெட்டி இல்லாமல் என்ன அடக்கம்’ என்று முதலில் வருத்தப்பட்ட அத்தைகூட இப்போது பூவோடு அங்கேதான் போகிறார். சேகரக் கமிட்டியின், அதாவது சபையை நிர்வகிக்கும் குழுவின், அனுமதியை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தாத்தா வழிப் பங்காளிகளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பிறகு மனத்தாங்கல் வராது.

மண்ணுக்குள் வைப்பதென்றால் சாதாரண மண்பானை போதும், எவர்சில்வர் வேண்டாம். பெரியவர் ஒருவரின் அஸ்தியை இயந்திரத்தில் பொடித்தால் மூன்று, மூன்றரை லிட்டர் அளவு வரும். நம் ஊர்த் தகன மேடைகளில் பெரும்பாலும் பொடிப்பதில்லை, எலும்பு துண்டு துண்டாகவே இருக்கும். அதனால் ஐந்து லிட்டர் பானை எடுத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: ஆற்றில் கரைக்கத்தானே என்று நினைத்துப் பணியாளர்கள் ஒரு சின்னக் கலயத்தில் கொஞ்சமாக எடுத்துக் கொடுப்பது வழக்கம். முழுதும் வேண்டும் என்று தகனத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இது உங்களுக்கு இனி உதவாது, வாசிக்கும் மற்றவர்களுக்கு உதவும்.

குடும்பக் கல்லறை இல்லாதவர்களுக்கு அஸ்திச் சுவர்தான் சரி. தோட்டத்தின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மாடம் மாடமாகக் கட்டி, ஒவ்வொன்றின் முகப்பையும் கிரானைட் பலகையால் மூடிப் பெயர் பொறிப்பது. ஒரு கல்லறைக்கு ஏழடிக்கு மூன்றடி இடம் போகிறது. அதே ஏழடி நீளத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குச் சுவர் எழுப்பினால் வரிசைக்கு ஆறு மாடம், நான்கு வரிசைக்கு இருபத்து நான்கு. முன்னும் பின்னுமாக இரண்டு கலயம் வைக்கலாம், கணவன் மனைவி ஒரே மாடத்தில் இருக்கலாம். ஒரு கல்லறையின் பாதி இடத்தில் 48 பேர்! ஐந்தாவது வரிசைக்கு ஆசைப்படாதீர்கள், வயதானவர்களுக்குக் கை எட்டாது. கை வைத்துத் தொட முடியாத பெயர்ப் பலகையை நம் ஆட்கள் கல்லறையாகவே நினைக்கமாட்டார்கள்.

கட்டும்போது மழையை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதையும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் நாம் மறக்க முடியாது. கீழ் வரிசை தரையிலிருந்து இரண்டடியாவது உயரத்தில் தொடங்க வேண்டும். மேலே சரிவான தளம் போட்டு, பின்பக்கம் ஓதம் ஏறாமல் பூச வேண்டும். மெழுகுவர்த்தியும் பூவும் வைக்கச் சுவருக்கு முன்னால் ஒரு தனித் திட்டு கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் ஒன்று கழிந்தாலே பலகையெல்லாம் கரி பிடித்துவிடும்.

‘இது நம் வழக்கம் இல்லையே’ என்று யாராவது சொன்னால் ஆதிச்சநல்லூரைக் காட்டுங்கள். எலும்புகளைத் தாழியில் வைத்து அடக்கம் செய்த இடம், இதே தாமிரபரணிக் கரை.

கத்தோலிக்க உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. ரோம் 1963-இலேயே தகனத்தை அனுமதித்துவிட்டது. ஆனால் அஸ்தியை வீட்டில் வைப்பதோ, ஆற்றிலும் கடலிலும் தூவுவதோ கூடாது, புனித இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று 2016-இல் தெளிவாகச் சொன்னது. பலருடைய அஸ்தியைச் சேர்த்து வைக்கும் பொது இடம் இருக்கலாம், ஒவ்வொருவர் பெயரும் குறிக்கப்பட வேண்டும் என்பது 2023-இல் வந்த விளக்கம். இது நமக்கு மிகவும் பயன்படும். சுவரின் அடியிலேயே ஒரு பொதுக் குழி அமைத்து, ஐம்பது வருடம் கழித்து வாரிசு யாரும் வராத மாடங்களின் அஸ்தியை அதில் சேர்த்து, பெயர்களை மட்டும் ஒரே கல்லில் நிரந்தரமாக வைக்கலாம். சிங்கப்பூரில் 1998 முதல் ஒரு கல்லறைக்கு 15 வருடம்தான், அதற்கப்புறம் தோண்டி எடுத்துவிடுவார்கள். நாமும் அந்த நெருக்கடிக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

மரம் நடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. அஸ்தியில் உப்பும் காரமும் அதிகம், வேரடியில் அப்படியே கொட்டினால் கன்று பட்டுப்போகும். நிறைய மண்ணும் தொழு உரமும் கலந்துதான் போட வேண்டும். அப்படி வளர்த்த மரமும் ஒரு புயலில் சாய்ந்தால் பிள்ளைகளுக்கு அது இரண்டாவது சாவு. மரம் வையுங்கள், நிழலுக்கு வையுங்கள். பெயர் கல்லில் இருக்கட்டும்.

உங்கள் சேகரத்தில் பேசும்போது, எந்த மாடத்தில் யார் என்று ஒரு பதிவேடும், அதன் நகல் ஒன்று கோயில் அலுவலகத்திலும் இருக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இடம் அமையும்வரை அப்பாவின் கலயத்தை, மூடியை நன்றாக அடைத்து, பெயர் எழுதிய தகட்டை உள்ளே போட்டு, ஐயரிடம் சொல்லிக் கோயிலில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.