9 இடம், 14 பேர்: யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: அரசுத் துறை ஒன்றில் பிரிவுத் தலைவராக இருக்கிறேன். மூன்று பிரிவுகளை ஒன்றாக இணைக்கிறார்கள். 14 பேர் இருக்கிற இடத்தில் இனி 9 பணியிடங்கள்தான். தேர்வுப் பொறுப்பு என்னிடம். ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். இன்னொருவர் புதிய பணியிடம் ஒன்றின் வேலையை ஒரு வருடமாகக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்து வருகிறார். “எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது” என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. நேர்காணலை நியாயமாக நடத்துவது எப்படி?

பதில்: நேர்காணலைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இணைப்புகளில் நடக்கும் அநியாயத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே, புதிய பணியிடத்தின் விவரத்தை எழுதும்போதே நடந்துவிடுகிறது. ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு எழுதினால், அவர் அளவுக்குத் தைத்த சட்டை அவருக்குத்தான் பொருந்தும். பிறகு எவ்வளவு நேர்மையாகக் கேள்வி கேட்டும் பயனில்லை.

அதனால் முதலில் 14 பெயர்களையும் மறந்துவிட்டு, பழைய பணியிடங்களைப் புதிய 9 பணியிடங்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய வேலையே பெயர் மாறி வந்திருக்கிறதா, அதைப் பார்ப்பவர் ஒருவர்தானா? அவர் போட்டியில்லாமல் அதில் போய் உட்காரட்டும். இருவர் பார்த்த வேலை ஒன்றாகச் சுருங்கியிருந்தால், போட்டி அந்த இருவருக்குள் மட்டும். உண்மையிலேயே புதிய இடங்களை எல்லோருக்கும் திறந்துவிடலாம். ‘எல்லா இடத்துக்கும் எல்லோரும் போட்டியிடட்டும்’ என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் செய்கிற வேலைக்கே ஒருவரை மறுபடி விண்ணப்பிக்க வைப்பது வீண் பயத்தைத்தான் தரும். ஒரு எச்சரிக்கை: வேண்டியவரைப் போட்டியிலிருந்து காப்பாற்றவும் இதே வழி பயன்படும். எனவே இந்தப் பொருத்தப் பட்டியலை மூன்று பிரிவுக்கும் வெளியே உள்ள ஒருவர் தயாரிப்பது நல்லது. அதை எல்லோருக்கும் காட்டி, ஆட்சேபம் சொல்ல ஒரு வாரமாவது கொடுங்கள்.

அடுத்தது அளவுகோல். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டின் 166-ஆம் பரிந்துரை, ஆள் குறைப்புக்கான அளவுகோல்களை முடிந்தவரை முன்கூட்டியே வகுக்க வேண்டும், அவை நிறுவனத்தின் நலன், பணியாளர் நலன் இரண்டுக்கும் உரிய இடம் தர வேண்டும் என்கிறது. ‘நல்ல அணுகுமுறை’, ‘ஒத்துப்போகும் குணம்’ போன்றவற்றை எழுதாதீர்கள். அவற்றுக்கு மதிப்பெண் போடும்போது உங்களுக்குப் பிடித்தவருக்குத்தான் போடுவீர்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான். ‘நிலுவைக் கோப்புகளை எப்படி வரிசைப்படுத்தி முடித்தார் என்று ஒரு உதாரணத்தோடு விளக்குகிறார்’ என்று எழுதி, எது 1 மதிப்பெண், எது 5 மதிப்பெண் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

பணிமூப்பு? உங்கள் பணி விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருந்தால் பேச்சே இல்லை, பின்பற்றியே ஆக வேண்டும். விருப்பத்துக்கு விட்டிருந்தால் மட்டும் யோசியுங்கள். தேர்வு முறைகளைப் பற்றி பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட மறு ஆய்வில், எல்லோருக்கும் ஒரே கேள்விகளும் ஒரே மதிப்பெண் முறையும் கொண்ட நேர்காணல் முதலிடத்தில் வந்தது. அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை வேலைத் திறனைக் கணிப்பதில் வெகு கீழே இருந்தது. அப்படியானால் பணிமூப்பைத் திறமைக்கு அடையாளமாகக் கொள்ள முடியாது. ஆனால் நீண்ட காலம் உழைத்தவருக்கு வேலை போனால் இழப்பு அதிகம் என்பது வேறு நியாயம். என் யோசனை, இருவர் சமமாக வந்தால் முடிவு செய்ய அதை வைத்துக்கொள்ளுங்கள், அதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளில் கவனம் தேவை. மூன்று பிரிவிலும் மூன்று அதிகாரிகள் எழுதியிருப்பார்கள். ஒருவர் கை தாராளம், இன்னொருவர் கை இறுக்கம். அந்த எண்களை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

மகப்பேறு விடுப்பில் இருப்பவருக்கு மற்றவர்களுக்குப் போகும் ஒவ்வொரு தகவலும் அதே நாளில் போக வேண்டும். நேர்காணலுக்கு அவருக்கு வசதியான நேரமோ காணொளி வழியோ கொடுங்கள். விடுப்பு மாதங்களைக் கழித்துவிட்டு, அதற்கு முன்பு அவர் செய்த வேலையை வைத்து மதிப்பிடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டின் 158-ஆம் உடன்படிக்கை, மகப்பேறு விடுப்பில் வராமல் இருந்ததைப் பணிநீக்கத்துக்குக் காரணமாக ஏற்பதில்லை.

கூடுதல் பொறுப்பில் இருப்பவர் கற்றுக்கொண்டது உண்மையான திறமைதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த வாய்ப்பு அவருக்கு எப்படிக் கிடைத்தது? எல்லோரிடமும் கேட்டுக் கொடுக்காமல் அழைத்துக் கொடுத்ததாக இருந்தால், ‘இந்த இருக்கையில் இருந்த அனுபவம்’ என்பதை அளவுகோலாக்காதீர்கள். அந்த வேலைக்கு வேண்டிய திறனை மட்டும் கேளுங்கள். அது இன்னொரு மேசையிலும் வளர்ந்திருக்கலாம்.

நேர்காணல் நாளில் குறைந்தது இருவர், முடிந்தால் மூவர் உட்காருங்கள், ஒருவராவது வெளியாள். ஒவ்வொருவரும் மதிப்பெண்ணைத் தனியாக எழுதி முடித்த பிறகே பேசத் தொடங்குங்கள். தலைவர் முதலில் வாயைத் திறந்தால் மற்ற மதிப்பெண்கள் அவர் பக்கம் சாயும். நேர்காணலுக்கு வருபவர் குழு உறுப்பினர் ஒருவருக்கு உறவினரோ, பழைய தகராறு உள்ளவரோ என்றால், அந்த நபருக்கு மட்டும் அந்த உறுப்பினர் விலகட்டும்.

வெளியே போகும் 5 பேருக்கும் தனித்தனியாக, நேரில், மதிப்பெண் தாளோடு காரணம் சொல்லுங்கள். மேல்முறையீட்டைக் கேட்பவர் உங்கள் குழுவில் இல்லாதவராக இருக்கட்டும். அந்த முறையீடுகள் முடியும்வரை 9 இடங்களுக்கான ஆணைகளைக் கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள். அப்புறம், துறையின் மற்ற அலுவலகங்களில் காலியிடப் பட்டியலை இப்போதே கேட்டு வாங்குங்கள். முடிவு அறிவித்த பிறகு தேடத் தொடங்கினால், நல்ல இடங்களில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.