இசைக் கேள்வி – பதில்: ஹங்கேரியப் பியானோ கலைஞர் ஆந்திராஷ் ஷிஃப்

சென்ற இதழில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய விசைப்பலகை இசையைப் பற்றி எழுதியபோது, அதை இன்று வாசிப்போருள் நான் பெரிதும் மதிப்பவர் ஹங்கேரியில் பிறந்த ஆந்திராஷ் ஷிஃப் என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திருகோணமலை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மேலைத்தேய சங்கீதம் கற்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இம்முறை விடை எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, ஷிஃப் பெரிய போட்டிகளில் முதற்பரிசு பெற்றவர் அல்லர் என்று அறிந்தேன். அப்படியிருக்க, இவ்வளவு உயர்ந்த இடத்துக்கு அவர் எவ்வாறு வந்தார்? அவருடைய ஆசிரியர்கள் யாவர்?
– உவர்மலை வாசகர் ஒருவர்

பதில்: நீங்கள் அறிந்தது சரியே. 1974இல் மொஸ்கோவில் நடந்த சைக்கோவ்ஸ்கி போட்டியில் அவருக்கு நான்காம் பரிசும், அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியில் மூன்றாம் பரிசும் கிடைத்தன. போட்டி மேடையில் ஒருவரின் விரல் வேகத்தையும் துணிவையும் ஓரிரு மணி நேரத்தில் அளந்துவிடலாம். ஓர் இசையமைப்பாளரின் படைப்புகளை முழுமையாக எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அவற்றோடு வாழ்ந்து, பிறகு சபைக்குக் கொண்டுவரும் ஆற்றலை அங்கே அளக்க வழியில்லை. ஷிஃப்பின் பலம் அங்கேதான் இருக்கிறது.

அவர் 1953 டிசம்பர் 21ஆம் திகதி புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தின் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். அவருடைய பெற்றோர் இருவரும் நாஜிகளின் இனப்படுகொலைக்குத் தப்பிப் பிழைத்தவர்கள். ஐந்து வயதில் எலிசபெத் வாடாஸ் என்னும் ஆசிரியையிடம் பியானோ பயிலத் தொடங்கிய அவர், பின்னர் புடாபெஸ்டின் லிஸ்ட் இசைக் கழகத்தில் சேர்ந்தார். 1875இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தின் முதல் தலைவர், ஹங்கேரியப் பியானோ மேதையும் இசையமைப்பாளருமான ஃபிரான்ஸ் லிஸ்ட். லிஸ்ட்டின் மாணவர் இஷ்ட்வான் தோமான். தோமானின் மாணவர் இசையமைப்பாளர் பேலா பார்டோக். அந்தப் பார்டோக்கே 1907 முதல் 1934 வரை அங்கு பியானோ கற்பித்தார். குருபரம்பரை என்று நாம் போற்றுவது அங்கும் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

ஷிஃப்புக்கு அக்கழகத்தில் வாய்த்த ஆசிரியர்கள் மூவர்: பால் கடோஷா, ஜியார்ஜ் குர்தாக், ஃபெரென்ட்ஸ் ராடோஷ். இவர்களுள் கடோஷாவும் குர்தாக்கும் இசையமைப்பாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சுரம் ஏன் அங்கே நிற்கிறது, அதை எழுதியவர் அதற்கு முன்னும் பின்னும் என்ன எண்ணியிருப்பார் என்று கேட்கும் வழக்கம் இத்தகைய ஆசிரியர்களிடமிருந்துதான் மாணவருக்குத் தொற்றும். குர்தாக்கின் பாடம் மணிக்கணக்கில் நீண்டும் இசைத்தாளின் சில அடிகளைத் தாண்டாமலே நின்றுவிடும் என்று அவரிடம் கற்றவர்கள் சொல்வதுண்டு. ராடோஷ் கண்டிப்புக்குப் பெயர் போனவர். 1951இல் பிறந்த டெஷோ ராங்கி, 1952இல் பிறந்த ஸொல்தான் கோச்சிஷ், ஷிஃப் ஆகிய மூவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதே ஆசிரியர்களிடம் கற்று வெளிவந்து, மூன்று வேறு குரல்களில் வாசித்தார்கள். ஓர் ஆசிரியரின் தரத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நான்காவதாக ஒருவரையும் சேர்க்க வேண்டும். பியானோவுக்கு முந்திய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டை வாசித்த இங்கிலாந்துக் கலைஞர் ஜோர்ஜ் மால்கம் அவர். இளமையில் லண்டனில் அவரிடம் பெற்ற பயிற்சியே ஷிஃப்பின் பாக் வாசிப்புக்கு வழிகாட்டியது. பின்னாளில் ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து மொசார்ட்டின் நான்கு கை இசையை ஒலிப்பதிவும் செய்தார்கள்.

அதன் பிறகு அவர் நடந்த வழி ஒரே சீரானது. 1980களில் பாக்கின் விசைப்பலகைப் படைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக டெக்கா நிறுவனத்துக்காக ஒலிப்பதிவு செய்தார். அவற்றுள் ‘ஆங்கில சூட்டுகள்’ என்னும் நடன இசைத் தொகுப்புகளுக்கு கிராமி விருது கிடைத்தது. இன்னொரு ஹங்கேரியரான வயலின் மேதை ஷாண்டோர் வேக் நடத்திய சால்ஸ்பர்க் இசைக்குழுவோடு மொசார்ட்டின் பியானோ கொன்செர்ட்டோக்களை, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை, வாசித்தார். பியானோவில் தனித்து வாசிக்கும், பல பகுதிகள் கொண்ட ஷூபர்ட்டின் சொனாட்டாக்கள் தொடர்ந்தன. ஆனால் பேட்டோவனின் 32 சொனாட்டாக்களையும் முழுத் தொடராக மேடையேற்ற, ஐம்பது வயது ஆகும்வரை அவர் காத்திருந்தார். கைக்குள் இருந்த இசையை மனம் பக்குவப்படும்வரை வெளியிடாமல் வைத்திருந்த அந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: நான் பியானோ தேர்வுக்குப் படிக்கிறேன். பாக்கின் பிரெலூட் என்னும் சிறு படைப்பு ஒன்றை வாசிக்கும்போது வலது பெடலை மிதிக்கச் சொல்கிறார் என் ஆசிரியை. ஷிஃப் பாக்கை வாசிக்கும் காணொளியில் அவருடைய பாதம் பெடலைத் தொடவே இல்லை. யார் செய்வது சரி?
– பாலையூற்று மாணவி ஒருவர்

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள், தங்கச்சி. இதற்கு விடை காண, முதலில் உங்கள் பியானோவின் மேல்மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தந்திகளை ஒட்டினாற்போலக் கம்பளித் துணி பொதிந்த சிறு கட்டைகள் வரிசையாக இருக்கும். விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் அதற்குரிய துணிக்கட்டை மட்டும் தந்தியை விட்டு விலகும். விரலை எடுத்தவுடன் திரும்பி வந்து ஒலியை அடக்கிவிடும். வலது பெடலை மிதித்தால் அவை எல்லாம் ஒரே நேரத்தில் விலகி நிற்கும். அப்போது நீங்கள் தொடாத தந்திகளும் சேர்ந்து அதிரும். பெடலை மிதித்தபடியே ஸி மேஜரின் முக்கூட்டுச் சுரங்களையும், உடனே எஃப் மேஜரின் முக்கூட்டுச் சுரங்களையும் வாசித்துப் பாருங்கள். ஒன்று மற்றொன்றின் மேல் படிந்து கலங்குவது கேட்கும்.

பாக்கின் காலத்து விசைப்பலகை வாத்தியங்களான ஹார்ப்சிகார்டிலும் கிளாவிகார்டிலும் இத்தகைய பெடல் கிடையாது. அவருடைய இசையில் இரண்டு, மூன்று, நான்கு குரல்கள் தனித்தனியே பாடிக்கொண்டு போகின்றன. ஒவ்வொன்றும் எங்கே மூச்சு விடுகிறது, எங்கே மற்றொன்றுக்கு இடம் கொடுக்கிறது என்பது கேட்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆகவேதான் ஷிஃப் பாதத்தை ஒதுக்கிவைத்து, நீட்ட வேண்டிய சுரத்தை விரலாலேயே நீட்டுகிறார். அடுத்த சுரம் ஒலிக்கும்வரை முந்திய விசையை விடாமல் பிடிப்பதும், ஒரே விசையை அழுத்தியபடியே ஒரு விரலுக்குப் பதில் மற்றொரு விரலை வைப்பதும் அதற்குரிய பயிற்சிகள். பாக் இரு பாகங்களாக எழுதிய 48 பிரெலூட்களையும், குரல்கள் ஒன்றையொன்று பின்தொடரும் ஃபியூக்களையும் கொண்டு 2012இல் வெளிவந்த ஷிஃப்பின் ஒலிப்பதிவு முழுவதும் பெடல் இன்றி வாசிக்கப்பட்டது. அதனோடு அவர் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு சுருதியையும் தாம் ஒரு நிறமாக உணர்வதாகவும், தொடக்கத்திலுள்ள ஸி மேஜர் பனி போன்ற வெண்மை என்றும், இறுதியிலுள்ள பி மைனர் கருமை என்றும் குறிப்பிட்டிருக்கிறார். பெடலை விட்டால் ஒலி வறண்டுவிடும் என்று அஞ்சுவோர் அந்தப் பதிவைக் கேட்க வேண்டும்.

நீங்கள் வாசிப்பது அந்த 48இன் முதலாம் பாகத்திலுள்ள ஸி மேஜர் பிரெலூட் ஆக இருந்தால், அச்சிட்ட தாளையே ஆதாரமாகக் காட்டலாம். ஐந்து சுரங்கள் கொண்ட ஓர் அமைப்பு அடிக்கு இருமுறை வருகிறது அல்லவா? அவற்றுள் இடக்கை வாசிக்கும் முதலிரு சுரங்களை, வலக்கையின் மூன்று சுரங்கள் ஓடி முடியும்வரை பிடித்து நிற்கும் வகையில் பாக் நீட்டி எழுதியிருக்கிறார். ஒலியை நிறைவாக்க வேண்டிய வேலையை அவர் விரலிடம் கொடுத்துவிட்டார். பலர் அந்த நீட்டல் குறியைக் கவனியாமல் கையை எடுத்துவிட்டு, குறைந்த ஒலியைப் பெடலால் நிரப்புகிறார்கள்.

அதற்காக உங்கள் ஆசிரியை சொல்வது பிழை என்று நான் எழுத மாட்டேன். அளவோடு பெடல் சேர்த்துப் பாக்கை அழகாக வாசித்த மேதைகள் பலர் உண்டு. ஷிஃப் மதித்துப் போற்றும் எட்வின் ஃபிஷரும் அவர்களுள் ஒருவர். தேர்வுவரை ஆசிரியை காட்டும் வழியிலேயே செல்லுங்கள். வீட்டில் நாள்தோறும் ஒருமுறை மட்டும் பெடல் இன்றி மெதுவாக வாசித்துப் பழகினால், பிறகு பெடலை எந்த இடத்தில் எவ்வளவு மிதிப்பது என்பதைச் செவியே சொல்லிக்கொடுக்கும். ஷிஃப்பும் காலையில் முதல் வேலையாகப் பாக்கைத்தான் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாசிக்கிறார்.

இன்னொன்றையும் கேளுங்கள். பாக்கில் பெடலைத் தொடாத இதே கலைஞர், ‘நிலவொளி’ என்று மக்கள் பெயரிட்டழைக்கும் பேட்டோவன் சொனாட்டாவின் முதற்பகுதி முழுவதிலும் பெடலை எடுக்காமலே வாசிக்கிறார். அப்பகுதி முழுவதும் துணிக்கட்டைகள் விலகி நிற்க வேண்டும் என்று பேட்டோவன் தொடக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். இன்றைய பியானோவில் ஒலி கலங்கும் என்று பெரும்பாலானோர் அதைக் கைவிட்டார்கள். ஷிஃப் கைவிடவில்லை. இரண்டு இடத்திலும் அவர் கட்டுப்படுவது ஏட்டில் உள்ளதற்கே.

கேள்வி: ஹங்கேரியர் என்றால் லிஸ்ட் அல்லவா நினைவுக்கு வருகிறார்? ஷிஃப் ஏன் லிஸ்ட்டை வாசிப்பதில்லை? அவருடைய இசையில் ஹங்கேரி எங்கே இருக்கிறது?
– திருக்கடலூர் வாசகர் ஒருவர்

பதில்: அவருடைய கச்சேரிகளின் நடுவே நிற்பவர்கள் பாக், ஹைடன், மொசார்ட், பேட்டோவன், ஷூபர்ட், ஷூமன், பிராம்ஸ் ஆகியோர். லிஸ்ட்டுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. விரல் வித்தையைக் காட்டி மேலெழும் இசையில் அவருடைய மனம் செல்லவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஹங்கேரி அவரிடம் பார்டோக்கின் வழியாக வருகிறது. சக இசையமைப்பாளர் கொடாயியோடு சேர்ந்து ஊர் ஊராகச் சென்று கிராமத்து மக்கள் பாடியதை ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்து, அந்தப் பாட்டின் நடையைத் தம் இசைக்கு அடித்தளமாக்கியவர் பார்டோக். ஹங்கேரிய மொழியில் சொல்லின் முதல் அசையில் அழுத்தம் விழும். அந்த அழுத்தம் பார்டோக்கின் சுரக் கோவைகளிலும் விழுகிறது. பார்டோக்கைச் சுத்தியலால் அடிப்பதுபோல் வாசிப்போர் பலர். பார்டோக்கே வாசித்த பழைய ஒலிப்பதிவுகளில் கதை சொல்பவரின் குரல்போல நெகிழ்வான ஒரு நடையே கேட்கிறது. இவான் ஃபிஷர் நடத்திய புடாபெஸ்ட் விழா இசைக்குழுவோடு ஷிஃப் பதிவுசெய்த மூன்று பார்டோக் கொன்செர்ட்டோக்களிலும் அந்த நடையைக் கேட்கலாம்.

1979இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். முதலில் ஆஸ்திரியக் குடியுரிமையும், 2001இல் பிரித்தானியக் குடியுரிமையும் பெற்றார். 2014இல் அவருக்கு ‘சேர்’ பட்டம் வழங்கப்பட்டது. 2011இன் தொடக்கத்தில், ஹங்கேரியில் வளர்ந்துவந்த இனவெறுப்பையும் யூத எதிர்ப்பையும் கண்டித்து அமெரிக்க நாளேடு ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அதற்கு எழுந்த வசைகளுக்குப் பின்னர், இனி அங்கே கச்சேரி செய்வதில்லை என்று அறிவித்தார். பிறந்த மண்ணின் இசையை வாசித்துக்கொண்டே அந்த மண்ணுக்குச் செல்லாதிருப்பது எளிதான முடிவு அன்று. பெற்றோர் அனுபவித்ததை அறிந்த ஒரு பிள்ளை வேறு விதமாக முடிவெடுத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?
– நிலாவெளி வாசகி ஒருவர்

பதில்: பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். 1741இல் அச்சான இப்படைப்பில், ஆரியா என்னும் ஒரு மெட்டும் அதன் அடிச்சுரங்களின் மேல் எழுந்த 30 மாற்றங்களும், முடிவில் மீண்டும் அதே ஆரியாவும் வருகின்றன. ஷிஃப் 1982இல் ஒருமுறையும், 2001இல் பாசல் நகரக் கச்சேரியில் மறுமுறையும் இதைப் பதிவுசெய்தார். இரண்டையும் கேட்டால், இடைப்பட்ட ஆண்டுகளில் குரல்கள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கக் கற்றுக்கொண்டன என்பது புலப்படும்.

அடுத்ததாக, லண்டன் விக்மோர் மண்டபத்தில் 32 பேட்டோவன் சொனாட்டாக்களைப் பற்றியும் அவர் பியானோவில் வாசித்துக் காட்டியபடி ஆற்றிய விரிவுரைகளைத் தேடுங்கள். ‘கார்டியன்’ நாளேடு அவற்றை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. ஆங்கிலம் எளிமையாகவே இருக்கும். மேலே பாலையூற்று மாணவிக்கு நான் எழுதிய ‘நிலவொளி’ சொனாட்டாவுக்கான விரிவுரையை முதலில் கேளுங்கள். பிறகு, 1820ஆம் ஆண்டளவில் வியன்னாவில் பிரோட்மன் செய்த பழைய பியானோவில் அவர் வாசித்த ஷூபர்ட் பதிவுக்குச் செல்லலாம். இன்றைய பெரிய பியானோவில் கிடைக்காத மெல்லிய ஒலிகள் அதில் உண்டு. கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அவை காணாமற்போகும் என்பதால், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்பது நல்லது.