பைன் பிசினும் பூஜை ரூம் சூடமும்

கேள்வி (அஸ்தம்பட்டி வாசகி): ஏற்காட்டுல நாங்க தங்கின எஸ்டேட் வீட்டு வாசல்ல ஒரு பைன் மரம், பட்டை வெட்டுப்பட்ட எடத்துல தேன் கலர்ல பிசின் வழிஞ்சுது. பையன் தொட்டுட்டான், சோப்பு போட்டும் போகல. காஞ்ச கட்டி கொஞ்சம் எடுத்துட்டு வந்தேன் சார், சாம்பிராணி மாதிரி புகை போடலாமா?

பதில்: மொதல்ல கைக்கு தேங்காண்ணெய் நல்லா தேச்சு, துணியால வழிச்சிட்டு அப்புறமா சோப்பு போடுங்கம்மா, போயிடும். பாதாம் பிசினை ராத்திரி ஊறப்போட்டா காலைல உப்பி நிக்குதுல்ல, அது சர்க்கரை மூலக்கூறுங்க சங்கிலியா சேர்ந்தது, தண்ணிய இழுக்கும், காபிக்கு நெழலா நிக்கிற சில்வர் ஓக் பிசினும் அந்த ஜாதிதான். பைன் பிசின் தண்ணிய கிட்டயே சேர்க்காது, எண்ணெய்லயும் ஸ்பிரிட்லயும்தான் கரையும்.

மரம் இதை 5 கார்பன் உள்ள சின்னத் துண்டுங்களை வச்சுத்தான் கட்டுது. ரெண்டு துண்டு சேர்ந்தா 10 கார்பன், அதுதான் பைனீன், நீங்க கிட்டப்போனதும் மூக்குல ஏறின அந்த வாசனை, பைன் பிசினைக் காய்ச்சி எடுக்கிற டர்பன்டைன் எண்ணெய்ல முக்கியமான சரக்கே அதான். நாலு துண்டு சேர்ந்தா 20 கார்பன், அபியட்டிக் ஆசிட் மாதிரி கெட்டியான அமிலங்க, அதுக்குப் பேர் ரோசின், பிசின்ல ஏறக்குறைய முக்கால் பங்கு இதுதான். பட்டையில வெட்டு விழுந்ததும் ரெண்டும் கலந்து இளகலா ஓடி வந்து, தொளைக்க வர்ற வண்டை அப்படியே அமுக்கிடும், அப்புறம் பைனீன் ஆவியாப் போக ரோசின் இறுகி காயத்தை அடைச்சிக்கும். ஆனா வண்டும் லேசுப்பட்டதில்ல, ஐரோப்பா அமெரிக்கா பைன் காடுகள்ல சில பட்டை வண்டுங்க அதே பைனீனை வெர்பெனால்னு ஒண்ணா மாத்தி, அந்த வாசனையாலயே தன் கூட்டத்தைக் கூப்பிடுது. எனக்கு இந்தப் பாடத்துல ரொம்பப் பிடிச்ச எடம் இது.

புகை மட்டும் வேண்டாம்மா. ரோசின் புகை ஆஸ்துமாவைக் கொண்டு வரும், வீட்டுல கொழந்தை வேற இருக்கு. சாம்பிராணி வேற மரத்துது, அதுல இருக்கிறது பென்சாயிக், சின்னமிக் அமில வகைங்க.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை வாசகர்): பூஜை சாமான் கடை வச்சிருக்கேன். நான் விக்கிற சூடம் கற்பூர மரத்துல வர்றதில்ல, பைன் மரத்துலதான் வருதுன்னு ஒரு கஸ்டமர் சொல்றாரு, நெசமா?

பதில்: நெசந்தாங்க, நம்ம கடைகள்ல வர்ற சூடத்துல பெரும்பாலானது டர்பன்டைன்ல இருந்து ஃபேக்டரில செய்யறதுதான். ஹிமாச்சல், உத்தரகாண்ட் பக்கம் சீர் பைன் மரத்தைக் கீறி பிசின் எடுக்கறாங்க, அதைக் காய்ச்சினா டர்பன்டைன் ஆவியா தனியா வந்துடும், ரோசின் அடியில தங்கிடும். அந்தப் பைனீனை வினையூக்கி போட்டு கேம்ஃபீனா மாத்தி, அதோட அசிட்டிக் ஆசிட் சேர்த்து, அதுல இருந்து ஐசோபோர்னியால் எடுத்து, கடைசியா அதுல ரெண்டு ஹைட்ரஜனைக் கழட்டினா கற்பூரம். பைனீன்ல 10 கார்பன், கற்பூரத்துலயும் 10 கார்பன், கூட ஒரே ஒரு ஆக்ஸிஜன், எலும்புக்கூடு மட்டும் இடம் மாறி நிக்குது, அதனால போலின்னு சொல்லிட முடியாது, மூலக்கூறு அதேதான். வித்தியாசம் என்னன்னா மரத்துக் கற்பூரம் ஒரே கை வாட்டமா இருக்கும், ஃபேக்டரி சரக்குல வலக்கை இடக்கை மாதிரி ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பமா இருக்கிற ரெண்டு வடிவமும் பாதிப்பாதி. பைனீன், கற்பூரம் எல்லாம் சேர்ந்த இந்த டெர்பீன் குடும்பத்தைப் பிரிச்சு அடையாளம் கண்டதுல வேதியியல் விஞ்ஞானி ஓட்டோ வாலாக்குக்கு பெரிய பங்கு, 1910ல நோபல் வாங்கினார், எல்லாமே 5 கார்பன் துண்டுகளால ஆனதுன்னு விதியா நிறுத்தின இன்னொரு விஞ்ஞானி ருஜிச்காவுக்கு 1939ல கெடச்சுது.

கடைக்கு வர்றவங்ககிட்ட ஒண்ணு மட்டும் மறக்காம சொல்லுங்க, சூடம் கொழந்தைங்க கைக்கு எட்டக்கூடாது, கொஞ்சம் முழுங்கினாலே வலிப்பு வந்துடும்.

கேள்வி (சூரமங்கலம் வாசகர்): மொபைல் சர்வீஸ் பண்றேன். சால்டரிங்ல ரோசின் எதுக்கு சார்?

பதில்: செம்பு மேல படிஞ்ச ஆக்சைடை ரோசின்ல இருக்கிற அந்த அபியட்டிக் ஆசிட் சூட்டுல கரைச்சு எடுத்துடும், அப்பத்தான் ஈயம் ஒட்டும். சில போர்டுல பச்சையா ஒரு கறை தெரியுதே, அது அமிலமும் செம்பும் சேர்ந்த உப்பு. மேலே சொன்ன அதே புகை உங்க மொகத்துக்கு நேரா ஏறுது தம்பி, ஒரு சின்ன ஃபேன் வச்சு ஜன்னல் பக்கமா வெளிய தள்ளி விடுங்க.