கையில் எந்தத் தெரு வரைபடம்? வரைபடச் செயலிகள் பற்றிய கேள்வி பதில்

பல வருடங்களாக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், அதாவது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடத்தில், தெரு தெருவாக நடந்து பெயர் சேர்த்து வருபவன் நான். நகருக்குள் வழி பார்க்க எந்தச் செயலியைப் போனில் வைத்துக்கொள்வது என்று வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி: அண்ணா, சுத்தி வளைக்காம ஒரே ஒரு செயலி பேர் சொல்லுங்க.

சொல்லிடலாம்மா, ஆனா அது உனக்கு ஒத்துவராமப் போகலாம். செயலி வேறு, அதற்குள் இருக்கிற வரைபடத் தரவு வேறு. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் இரண்டும் பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும். இரண்டுக்கும் தரவு 2004-ல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்தான். ஒரு சந்து அதில் இல்லை என்றால் ஒன்றை நீக்கிவிட்டு இன்னொன்றைப் போட்டாலும் அந்தச் சந்து வராது. கூகுள் மேப்ஸ், ஹியர் வீகோ இரண்டும் தனித்தனித் தரவு. அங்கே போனால் நிலைமை மாறலாம்.

அதனால் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து முடிவு பண்ணாதே. உனக்கு உள்ளங்கை மாதிரித் தெரிந்த ஐந்து இடங்களை எடுத்துக்கொள். ஒருவழிப்பாதை ஒன்று, முட்டுச் சந்து ஒன்று, படிக்கட்டு வழி ஒன்று, சமீபத்தில் மாறிய சாலை ஒன்று, கதவு எண்ணை வைத்துத் தேட வேண்டிய வீடு ஒன்று. வரைபடத்தை இறக்கிவிட்டு நெட்டை அணைத்து, அந்த ஐந்துக்கும் வழி கேள். படிக்கட்டு வழியாகக் காரைப் போகச் சொல்கிற வரைபடம் உனக்குத் தெரியாத ஊரிலும் அப்படித்தான் சொல்லும். அரை மணி நேர வேலைதான், ஆனால் எந்த விமர்சனக் கட்டுரையும் இவ்வளவு சொல்லித் தராது.

பயணம் போகிறவர்: சிம் இல்லாத போனில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா சார்?

தாராளமாகச் செய்யும். போன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, அங்கிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு நெட்டும் வேண்டாம், சிம்மும் வேண்டாம்.

ஆனால் முதல் முறை இடம் பிடிக்க நேரம் எடுக்கும். காரணம் இதுதான்: செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. தன்னைப் பற்றிய விவரம் 30 நொடிக்கு ஒருமுறை வரும். எல்லாச் செயற்கைக்கோள்களைப் பற்றிய தோராயப் பட்டியல் முழுசாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும், ஆனால் இடம் பிடிக்க அது முழுசாக வரவேண்டியதில்லை. நெட் இருந்தால் இதே விவரத்தைப் போன் ஒரே நொடியில் இறக்கிக்கொள்கிறது. ஏ-ஜிபிஎஸ் என்று சொல்வது அதைத்தான். நெட் இல்லாமல் புது ஊரில் இறங்கினால் வானம் தெரிகிற இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நடந்துகொண்டே, கட்டட நிழலில் ஒதுங்கிக்கொண்டே பார்த்தால் விவரம் பாதியில் அறுந்து அறுந்து வரும், தாமதம் இன்னும் கூடும்.

அதே நபர்: கூகுள் மேப்ஸில் ஊரையே இறக்கி வைத்தேன். நெட்டை அணைத்தால் நடக்கும் வழியே காட்ட மாட்டேன் என்கிறதே?

உங்கள் போனில் கோளாறு இல்லை. ஆஃப்லைனில் கூகுள் தருவது வண்டி ஓட்டும் வழி மட்டும். நடை, சைக்கிள், பேருந்து, ரயில் வழிகள் கிடையாது, போக்குவரத்து நெரிசலும் தெரியாது. இறக்கிய வரைபடத்துக்குக் காலக்கெடுவும் உண்டு, புதுப்பிக்காமல் விட்டால் அழிந்துவிடும். நடந்து சுற்றுகிறவருக்கு ஆர்கானிக் மேப்ஸைத்தான் சொல்வேன். நடை, சைக்கிள், வண்டி மூன்றுக்கும் போனுக்குள்ளேயே வழி கணக்கிட்டுச் சொல்லும்.

வண்டியில் பொருள் கொண்டு போய்க் கொடுப்பவர்: அப்ப எனக்கும் அதுதானா அண்ணே?

இல்லை தம்பி. உங்க தொழிலுக்கு எந்த ரோடு இப்ப அடைச்சிருக்குன்னு தெரியணும். இறக்கி வைத்த வரைபடம் அதைச் சொல்லாது. நெட்டோடு கூகுளை ஓட்டுங்க, சிக்னல் போகிற இடத்துக்கு ஆஃப்லைன் செயலி ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்க. இரண்டையும் வைத்திருப்பதில் தப்பே இல்லை.

அலுவலகம் போகிறவர்: உயரமான கட்டடங்களுக்கு நடுவே நீலப் புள்ளி எதிர்த் தெருவுக்குத் தாவுகிறது. செயலியை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போன் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடும். கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் நேராக வராமல் கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. ஜிபிஎஸ் தூரத்தை அளப்பது சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தை வைத்து. ஒளி ஒரு மைக்ரோ நொடியில் கிட்டத்தட்ட 300 மீட்டர் போகும். சுவரில் மோதியதால் சிக்னல் பத்தில் ஒரு பங்கு மைக்ரோ நொடி தாமதமானால், அந்தச் செயற்கைக்கோள் இன்னும் 30 மீட்டர் தள்ளி இருப்பதாகப் போன் நம்பிவிடும். நீங்கள் எதிர்த் தெருவுக்குப் போய்விடுகிறீர்கள்.

இதற்கு மருந்து போனில் இருக்கிறது. எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையிலும் கேட்கிற போன் இந்தப் பிரதிபலிப்பை நன்றாகவே பிரித்தறியும். 2018-ல் ஷாவ்மி மி 8 தான் இந்த வசதியோடு வந்த முதல் போன். அடுத்த போன் வாங்கும்போது இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கேமராவைப் பற்றி அத்தனை கேள்வி கேட்கிற நாம் இதைக் கேட்பதே இல்லை.

பழைய போன் வைத்திருப்பவர்: இடம் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. எது சின்னது?

படங்களாக வெட்டி வைத்த வரைபடத்தைத் தவிருங்கள். அந்த வகையில் ஒவ்வொரு படி நெருங்கிப் பார்க்கும்போதும் துண்டுகள் நான்கு மடங்காகும். இரண்டு படி நெருங்கினால் பதினாறு மடங்கு. வெக்டர் வகையில் சாலை என்பது சில புள்ளிகளும் ஒரு பெயரும் மட்டுமே. திரையில் கோடு வரைவது போனின் வேலை. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் இரண்டுமே வெக்டர். கூகுள் பிளேயில் கிடைக்கும் இலவச ஆஸ்மாண்டில் ஏழு வரைபடம் வரைதான் இறக்கலாம், புதுப்பிப்பதும் அந்தக் கணக்கில் சேரும். எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிகளின் தளத்தில் கிடைக்கும் பதிப்புக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கையடக்க ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா என்று கேட்டவருக்கு:

நகருக்குள் மட்டும் என்றால் வேண்டாம். வெயிலில் தெளிவாகத் தெரியும் திரை, மாற்றிக்கொள்ளும் பேட்டரி, கையுறையோடு அழுத்தும் பொத்தான் எல்லாம் காட்டுக்கும் மலைக்கும் பெரிய வரம். தெருப் பெயர் தட்டித் தேட அது படுத்தும் பாடு பெரிது. ஏற்கெனவே கார்மின் நிறுவனத்தின் கருவி கையில் இருந்தால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்த இலவச வரைபடங்களை அதில் ஏற்றலாம். வழி கணக்கிடக்கூடிய வகைதானா என்று மட்டும் பார்த்து ஏற்றுங்கள்.

இல்லத்தரசி ஒருவர்: வரைபடத்துல எழுத்து சின்னதா இருக்கு, கண்ணுக்குத் தெரியலைன்னு அம்மா சொல்றாங்க. தெருப் பேர் தமிழ்ல வருமா தம்பி?

வரும் அக்கா. ஆர்கானிக் மேப்ஸ் அமைப்புகளில் வரைபட எழுத்தைப் பெரிதாக்க ஒரு பொத்தான் இருக்கு. போட்டுக் கொடுங்க, வித்தியாசம் உடனே தெரியும். ஆஸ்மாண்டிலும் எழுத்து அளவை ஏற்றலாம்.

தமிழைப் பற்றிக் கேட்டீங்களே, அது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் பொதுப் பெயர் போக ஒவ்வொரு மொழிக்கும் தனியாக ஒரு பெயர் எழுதி வைக்கலாம். ஆஸ்மாண்டில் வரைபட மொழியைத் தமிழ் என்று வைத்தால், யாராவது தமிழில் எழுதி வைத்த பெயர் எல்லாம் தமிழிலேயே வரும். எழுதாத இடத்தில் பழைய பெயரே நிற்கும். அதாவது உங்கள் தெரு தமிழில் வரவில்லை என்றால் இன்னும் யாரும் எழுதவில்லை என்றுதான் பொருள். நீங்களே எழுதலாம். பெயர்ப்பலகையைப் பார்த்து, அதில் உள்ளபடியே. ர, ற குழப்பம் வரும் இடத்தில் பலகை முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு எழுதுங்க. வேறு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்து மட்டும் எழுதக் கூடாது, அது உரிமப் பிரச்சினை.

கடைசியாக ஒருவர்: வரைபடம் தப்பாக இருந்தால் யாரிடம் சொல்வது?

ஒருமுறை மாலை ஆறரை மணிக்கு ஒரு சந்துக்குள் போனேன். நேராகப் போனால் பெரிய சாலை என்று செயலி சொன்னது. நாற்பது அடி நடந்ததும் எதிரே இரும்புக் கேட், துருப்பிடித்த சங்கிலி, பூட்டின் மேல் காய்ந்த சிமெண்ட். எப்போதோ மூடிவிட்டார்கள், வரைபடத்துக்கு அந்தச் சேதி போகவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் கையில் பையோடு அதே வழியாக வந்துகொண்டிருந்தார், அவர் போனிலும் அதே நீலக் கோடு. இருவரும் திரும்பி நடந்தோம். அன்றிரவே அந்த இடத்தில் கேட் என்று குறித்து, வழி இல்லை என்று சேர்த்தேன்.

அது மாதிரித்தான் நீங்களும் செய்யணும். ஆர்கானிக் மேப்ஸில் கடை, பள்ளி மாதிரி இடங்களை அங்கேயே திருத்தலாம். சாலையைத் திருத்த ஓபன்ஸ்ட்ரீட்மேப் இணையதளத்துக்குப் போகணும். திருத்தத் தயக்கமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் போடுங்கள், பக்கத்தில் இருக்கும் யாராவது பார்த்துச் சரிசெய்வார்கள். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஒன்று இருக்கிறது. தெருவில் நின்றபடி சின்னச் சின்னக் கேள்வி கேட்கும், பதில் தட்டினால் போதும். நீங்கள் போட்ட திருத்தம் இணையதளத்தில் சில நிமிடங்களில் தெரியும். உங்கள் போனில் தெரிய, செயலி அடுத்த வரைபடத்தை வெளியிட்டு நீங்கள் அதை இறக்கும்வரை பொறுக்கணும்.