எல்லோருடைய இசைவோடும் ஒரு நிறுவனம் நடக்குமா?

கேள்வி: அனைவரின் இசைவையும் பெற்றே முடிவெடுக்கும் நிறுவனங்கள் உண்டென்கிறார்களே, அங்கே பணியாளர்களிடையே உறவு எப்படியிருக்கும்?

பதில்: நெதர்லாந்தில் கேஸ் பூக்கே 1926இல் தொடங்கிய பள்ளியில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிப் பேசியே முடிவெடுத்தார்கள், அங்கே படித்த கெரார்ட் எண்டன்பர்க், பின்னாளில் தம் குடும்பத்தின் மின்பொறியியல் நிறுவனத்துக்கு அவ்வழக்கத்தைக் கொண்டுவந்தார். இசைவு என்றால் எல்லோருக்கும் பிடித்திருக்க வேண்டும் என்பதல்ல. காரணம் காட்டக்கூடிய வலுவான ஆட்சேபம் எவருக்கும் இல்லை என்பதே. வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவராகப் பேசுவதால், வாக்கெடுப்பில் அடிபட்டுப்போகும் ஒற்றைக் குரலும் காதில் விழுகிறது. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரோடு, தானே தேர்ந்தெடுத்த ஒருவரையும் மேல்மட்டக் குழுவுக்கு அனுப்புகிறது. 1970களில் எண்டன்பர்க் நிறுவனத்துக்கு வேலை தந்துவந்த கப்பல் கட்டும் தொழில் நலிந்து, அங்கே ஆட்குறைப்பு நெருங்கியபோது, பணியாளர்களே வெளியே சென்று புதிய வாடிக்கையாளர்களைத் தேடலாம் என்ற யோசனை ஒரு தொழிலாளியிடமிருந்து இவ்வழியாகவே மேலே சென்று ஏற்கப்பட்டது.

கூட்டத்தில் வாய்மூடியிருந்துவிட்டுத் தேநீர்க் கடையில் புழுங்குகிற நிலை இதனால் குறையும் என்றே நம்புகிறேன். ஆனால், ஆட்சேபித்தவரிடம் மேலாளர் மறுநாள் முகம் திருப்பிக்கொண்டால், அடுத்த கூட்டத்தில் அனைவரும் வெறுமனே தலையாட்டுவார்கள். ஆகவே ஒரு முடிவை ஆறு மாதத்துக்கு மட்டும் என்று நாள் குறித்து எடுத்துப் பாருங்கள். மறுபரிசீலனை உண்டென்று தெரிந்தால் தயங்குபவரும் மனம்விட்டுப் பேசுவார்.