பூண்டு மாத்திரை தினமும் போட்டால் எதிர்ப்புச் சக்தி கூடுமா?

மழைக்காலம் வந்தாலே வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்குச் சளி பிடிக்கிறது, பச்சைப் பூண்டு தின்னலாமா, பூண்டு மாத்திரை வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்களுக்குப் பெரியகுளம் பக்கம். கொடைக்கானல் மலைப்பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு வந்து இறங்கும் ஊர்ப்பக்கம் என்பதால் பூண்டைப் பற்றி நான் தப்பாகச் சொல்ல மாட்டேன். சாப்பாட்டில் தாராளமாகச் சேருங்கள். மாத்திரையை மட்டும் உங்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடாதீர்கள்.

காரணம் என் அப்பா. ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்ததிலிருந்து தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர். கொழுப்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலையில் வெறும் வயிற்றில் 5 பல் பச்சைப் பூண்டு, அதற்கு மேல் காலையும் இரவும் பூண்டு மாத்திரை என்று மூன்று மாதம் ஓட்டியிருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு ஆஸ்பிரினை மட்டும் சொன்னார். மதியம் பிடுங்கிய பல். ராத்திரி ஒன்பது மணிக்கும் வைத்த பஞ்சு பத்து நிமிடத்தில் நனைந்து போகிறது. அம்மா பக்கத்தில் வைத்திருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் துப்பத் துப்பச் சிவப்புதான். திரும்ப ஓடிப் போய்த் தையல் போட்டார்கள். வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று துருவிக் கேட்ட பிறகுதான் பூண்டு வெளியே வந்தது. "மருந்துன்னா சொல்லியிருப்பேன். பூண்டைப் போயி யாராச்சும் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?" என்றார் அப்பா.

ஆஸ்பிரின் ஒன்றே போதும், ரத்தம் நிற்கத் தாமதமாகும். பூண்டும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கக்கூடியது. இரண்டும் சேரும்போதுதான் பயம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் பூண்டு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம்.

சரி, சளிக்குக் கேட்குமா? 2001-இல் இங்கிலாந்தில் 146 பேரை வைத்து 12 வாரம் பார்த்த ஒரு ஆய்வு உண்டு. பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு 24 முறையும், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 65 முறையும் சளி பிடித்ததாகக் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சளி பிடித்ததா இல்லையா என்பதை அவர்களே எழுதி வைத்த கணக்கு அது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் என்ற அமைப்பு உண்டு. சளிக்கான பூண்டு ஆய்வுகளைத் தேடி அலசிய அதன் குழுவினருக்கும் தேறியது இந்த ஒன்றுதான். இது போதாது என்று சொல்லிவிட்டார்கள். கொரோனா வந்தபோதும், பூண்டு அதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொன்னது.

பூண்டின் காரநெடிக்குக் காரணமான அல்லிசின் முழுப் பல்லில் இருக்காது. நசுக்கும்போது அல்லீன் என்ற பொருளும் ஒரு நொதியும் (என்சைம்) கலந்துதான் அது உண்டாகிறது. அதனால் முழுப் பல்லை மாத்திரை மாதிரி தண்ணீரோடு விழுங்குவதில் பெரிய பிரயோசனம் இல்லை. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். எங்கள் அப்பத்தா பூண்டை அம்மிக்கல்லில் தட்டி ஓரமாக வைத்துவிட்டு, புளி கரைத்து, மிளகு சீரகம் இடித்து, கடைசியில்தான் ரசத்தில் போடும். தட்டியதற்கும் சூட்டில் போடுவதற்கும் நடுவில் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடம், அல்லிசின் உண்டாக நல்ல இடைவெளி என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இன்னொன்று: சளிக்கு என்று நசுக்கிய பச்சைப் பூண்டை நெஞ்சிலோ உள்ளங்காலிலோ வைத்துக் கட்டாதீர்கள். தோல் வெந்து கொப்புளம் போட்டுவிடும்.