நிலவியல் படிச்சா குவாரிக்குத்தான் போகணுமா?

அண்ணே, வணக்கம். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த மகள், "செவ்வாயில இருக்கிற பள்ளத்தைப் பத்திப் படிக்கணும், அதுக்கு நிலவியல்தான் வேணும்" என்று அடம் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். மேலூர்க்காரருக்கு நிலவியல் என்றதும் கிரானைட் குவாரி கண்ணில் வருவது இயல்புதான். ஆனாலும் பிள்ளை விவரமாகத்தான் கேட்கிறாள்.

கிணறு வெட்டும்போது கடைசியாக அள்ளிய பாறைத்தூள்தானே மேட்டின் உச்சியில் கிடக்கும்? விண்கல் மோதிய பள்ளத்தின் விளிம்பிலும் அப்படித்தான். அடியில் இருந்த பாறை மேலே கவிழ்ந்து கிடக்கும். அதில் பட்டுத் திரும்பும் வெயிலை நிறமாலைமானி என்ற கருவியில் நிறம் நிறமாகப் பிரித்தால் என்ன கனிமம் என்று தெரிந்துவிடும். பள்ளங்கள் நெருக்கமாக இருந்தால் ரொம்ப காலமாக அடி வாங்கிய பழைய தரை. குறைவாக இருந்தால் எரிமலைக் குழம்போ மண்ணோ பிறகு வந்து மூடியிருக்கலாம். இதையெல்லாம் படத்தைப் பார்த்துச் சொல்ல, பாறை படித்த ஆள் வேண்டும்.

சந்திரயானைச் சோதிக்க நிலவு மண் போன்ற மண்ணை இஸ்ரோ எங்கிருந்து எடுத்தது தெரியுமா? நம்ம நாமக்கல் பக்கம், சித்தம்பூண்டி, குன்னமலையில் கிடக்கும், நிலவின் மேட்டுப்பகுதியில் இருப்பது போன்ற அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறையைப் பொடித்துத்தான். செவ்வாய்த் தரை பெரும்பாலும் பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. அதே பசால்ட்டில் விண்கல் விழுந்து உண்டான மகாராஷ்டிரத்து லோனார் பள்ளம், ஏறக்குறைய 1.8 கி.மீ. அகலம். செவ்வாயை ஆராய்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கிறார்கள்.

'ஸ்பேஸ் சயின்ஸ்' என்று போர்டு மாட்டி லட்சக்கணக்கில் கேட்கும் கோர்ஸ் பக்கம் போகாதீர்கள். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலோ திருச்சி நேஷனல் கல்லூரியிலோ பி.எஸ்சி. நிலவியல் போதும். கூடவே கணிதம், பைத்தான் என்ற கணினி மொழி, ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபட முறை கைவரட்டும். பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., அடுத்து அகமதாபாத் பி.ஆர்.எல். (இயற்பியல் ஆய்வுக்கூடம்) போன்ற இடத்தில் பி.எச்டி. மொத்தம் பத்து வருஷம் ஆகும். கோள் ஆராய்ச்சியில் வேலை குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன்.

அது அமையாவிட்டாலும் இதே படிப்பு கைகொடுக்கும். யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கோ போகலாம். இரண்டுமே மத்திய அரசு வேலை. சொந்தக்காரர்கள் வாயை அடைக்க அது போதும்!

ஒன்று மட்டும் யோசியுங்கள். களப்பணி என்று சுத்தியலோடு வாரக்கணக்கில் வெயிலில் அலைய வேண்டியிருக்கும். அதற்கு அனுப்ப மனசு ஒப்புமா என்று அக்காவோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து பேசிவிடுங்கள், விண்ணப்பத் தேதி முடிவதற்குள்.